வெள்ளைப் படம்

பிப்ரவரி 4

அன்புள்ள அத்தானுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு வாரமாகச் சளி, மற்றபடி குறையில்லை. இதையெல்லாம் போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் சாப்பிட்டீங்களா என்றால் "ம்" என்கிறீர்கள். கடை திறந்தீங்களா என்றால் அதற்கும் "ம்". அக்கா போன இந்த மூன்று மாதத்தில் உங்களிடமிருந்து அந்த ஒரு எழுத்துக்கு மேல் எனக்குக் கிடைக்கவில்லை. "ம்" என்று மட்டும் எழுதித் தபால்தலை ஒட்ட உங்களுக்கே மனசு வராது என்கிற நம்பிக்கையில் கடிதத்துக்கு வந்துவிட்டேன்.

விஷயம் இது. அக்டோபர் கடைசியில் அக்கா எனக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் அனுப்பினாள். ஜூனிலிருந்து ஐந்து மாதம் மாடித் தகர அறையில் டெலஸ்கோப்போடு மல்லுக்கட்டி எடுத்த படங்கள். எல்லாமே ஒரே இடம். "கிழிஞ்ச போர்வை" என்பாளே, அந்த வாயு மேகம். நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். சேர்த்துக் கொடுக்கிற வேலை என்னுடையது. போன வாரம்தான் உட்கார்ந்தேன்.

படம் முழுக்கச் சாம்பல் வளையங்கள், அத்தான். பதினேழு. கேமராவுக்குள் இருக்கிற சென்சாரில் தூசி ஒட்டினால் அதன் நிழல் இப்படித்தான் விழும். ஒரு வளையம் சரியாகப் போர்வையின் மெல்லிய இழைமேல் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்டூடியோவில் நான் செய்கிற வேலை உங்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட் படத்தில் மருவை அழிப்பது, மணமகனுக்குக் கன்னத்தைச் சீராக்குவது. இந்த வளையங்களைப் பிரஷ்ஷால் அழிக்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும். ஆனால் அக்கா எப்போதோ சொல்லிவிட்டாள்: "ஆளுங்க மூஞ்சில என்ன வேணா அழிச்சுக்கோ. என் வானத்துல பிரஷ்ஷ வெச்ச, தொலைச்சிருவேன். அந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

நேர்மையான வழி ஒன்றுதான். அவள் பாஷையில் "வெள்ளைப் படம்". டெலஸ்கோப் வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விடிந்ததும் வெளிச்சம் சமமாக இருக்கும்போது வானத்தைப் பார்க்க வைத்து முப்பது படம் எடுக்க வேண்டும். அதில் தூசியின் நிழல் மட்டும் விழும். அதை வைத்துக் கம்ப்யூட்டர் மற்ற படங்களிலிருந்து நிழலை நீக்கிவிடும். கேமராவைக் கழட்டவே போறதில்ல, கடைசியில ஒரே தடவையா எடுத்துக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது நடக்கவில்லை.

நீங்கள் எடுத்து அனுப்புங்கள். பட்டனை அமுக்கத் தெரிந்தால் போதும். ஆனால் கெஞ்சிக் கேட்கிறேன்: கேமராவைக் கழற்றாதீர்கள், ஒரு இம்மிகூடத் திருப்பாதீர்கள், எதையும் துடைக்காதீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற கை உங்களுடையது; தூசியைக் கண்டால் துணி தானாக வெளியே வரும். அக்கா உங்களுக்குச் சும்மா "துணிக்காரர்" என்று பேர் வைக்கவில்லை. அந்தத் தூசி அதே இடத்தில் இருந்தால்தான் கதை நடக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மைத்துனன்


பிப்ரவரி 27

மாப்பிள்ளைக்கு,

நான் நலம். சளிக்கு ஆவி பிடி.

கடிதம் கிடைத்தது. கடையில் வேலை நெருக்குகிறது, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை. மாடிக் கதவும் மழையில் ஊறி இறுகிக் கிடக்கிறது. பார்க்கிறேன்.

அத்தான்


மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் நலமென்று ஒரு வரியாவது எழுதியதில் சந்தோஷம். சளி போய் இருமல் வந்திருக்கிறது.

கதவு இறுகினால் தச்சரைக் கூப்பிடுவார்கள், அத்தான். ஊரில் தச்சர் இல்லையென்றால் தோளால் ஒரு இடி. மழை நின்று இரண்டு மாதம் ஆகிறதே, இன்னுமா ஊறிக் கிடக்கிறது?

செய்முறையைத் தனித்தாளில் படம் வரைந்து வைத்திருக்கிறேன். துணியில் சுருக்கம் இருக்கக் கூடாது. சூரியன் நேராக விழக் கூடாது. அக்காவின் மெமரி கார்டை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டுப் புதுக் கார்டு போட்டுக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. எனக்காக வேண்டாம், அவளுக்காகச் செய்யுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைத்துனன்


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

நலம். இருமல் நிற்கவில்லையென்றால் டாக்டரிடம் காட்டு, அலட்சியமாக இருக்காதே.

இத்துடன் கார்டு. முப்பது கேட்டாய், நாற்பது எடுத்தேன். துணியை நானே துவைத்துத் தேய்த்தேன். இப்போது மாடிக்குப் போனதில் எதையும் கழற்றவில்லை, திருப்பவில்லை, துடைக்கவில்லை. எல்லாம் அவள் விட்டபடியே இருக்கிறது.

அத்தான்


ஏப்ரல் 14

அத்தானுக்கு,

நலம் விசாரிப்பதை இந்த முறை கடைசியில் வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கார்டு வந்ததும் மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்தேன். வெள்ளைப் படத்தில் பதினேழு நிழல் இருக்க வேண்டுமே? ஒன்றுகூட இல்லை! பால் மாதிரி இருக்கிறது. அதைப் போட்டு அக்காவின் படங்களைத் திருத்தினால் பதினேழு வளையமும் கல்லுப் போல அங்கேயே நிற்கின்றன. போதாததற்கு, எந்தப் படத்திலும் மூலைகளில் லேசாக விழுமே ஒரு இருட்டு, அந்த மூலை இருட்டும் வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது. அதாவது கேமரா திரும்பியிருக்கிறது.

மேலே சொட்டுகிற ஏசிக்குக் கீழே வாளியை வைத்துக்கொண்டு மூன்று நாள் இதோடு மாரடித்தேன். தப்பு என் பக்கமா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். என் பக்கம் இல்லை.

கேமராவைக் கழற்றினீர்களா? துடைத்தீர்களா? ஆமாம் அல்லது இல்லை. "ம்" செல்லாது.

மற்றபடி நலமா? எனக்கு இருமல் போய் ரத்தக்கொதிப்பு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மைத்துனன்


ஏப்ரல் 30

மாப்பிள்ளைக்கு,

ஆவேசப்படாதே, உனக்கும் நாற்பது ஆகிறது.

நீ எழுதியபின் நான் எதையும் தொடவில்லை. அது உண்மை. தூசிதானே, உதிர்ந்திருக்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? உனக்குத்தான் பிரஷ் இருக்கிறதே. அழித்துவிடு. யாருக்குத் தெரியப் போகிறது?

அத்தான்


மே 8

அத்தானுக்கு,

யாருக்குத் தெரியப் போகிறதா? எனக்குத் தெரியும். இனிமேல் உங்களுக்கும் தெரியும்.

தூசி உதிருமாம். பதினேழும் ஒரே நேரத்தில் கைகோத்துக்கொண்டு குதித்ததாக்கும். சின்னப் பிள்ளையிடம் சொல்வது போல என்னிடம் சொல்கிறீர்கள்.

அவள் இருந்தபோதே உங்களுக்கு இந்த டெலஸ்கோப்பில் அக்கறை கிடையாது. இப்போதும் அதே அலட்சியம்தான். சரி, திட்டுகிறவன் யோக்கியனா என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க் வந்தபிறகு அவள் மூன்று முறை போன் செய்தாள். "பாத்தியாடா?" "அப்புறம் பாக்கறேன்க்கா, சீசன் நேரம்." மூன்று முறையும் அதே பதில். அன்றே திறந்து பார்த்திருந்தால் வளையத்தைச் சொல்லியிருப்பேன், அவள் மறுநாளே வெள்ளைப் படம் எடுத்திருப்பாள். அதனால்தான் விடமாட்டேன் என்கிறேன்.

அவள் ஒவ்வொரு நாளும் குறித்துவைத்த நோட்டு அந்த அறையில் இருக்கும், பச்சை அட்டை. கேமராவை எப்போதாவது கழற்றியதாக எழுதியிருக்கிறாளா என்று பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் நானே லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

மருந்தை மறக்காமல் போடுங்கள்.

மைத்துனன்


ஜூலை 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுதினேன், கிழித்தேன், அதுதான் நடந்தது. நீ லீவு போட்டு வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்பதைவிட இது மேல் என்று இன்று எழுதுகிறேன்.

துடைத்தது நான்தான். இப்போது இல்லை. நவம்பரில், அவள் இருக்கும்போது.

ஒரு மாதமாக அவள் "தூசி, தூசி" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போதும் அதே பேச்சு. நாள் முழுக்க ஊரார் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கிறேன், வீட்டில் இருக்கிறவளுக்கு ஒரு உதவி செய்யவில்லையே என்று எனக்குத் தோன்றியது. அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். அவள் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். கேமராவைக் கழற்றினேன். காற்றுப் பந்தால் ஊதினேன். திரவம் ஒரே ஒரு சொட்டு, புதுத் துணி, ஒரே பக்கமாக இழுப்பு. இரண்டு மணி நேரம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப மாட்டினேன். அவள் வந்ததும், "மேல போய்ப் பாரு" என்றேன். பெருமை வேறு.

பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"யாரு உங்களைத் தொடச் சொன்னா? அஞ்சு மாசம்ங்க! அந்தத் தூசியோட ஒரு படம் எடுக்கணும்னுதானே கழட்டாம வெச்சிருந்தேன்!"

"நீதானே தூசி தூசின்னு புலம்பினே?"

"புலம்பினா துடைச்சிடறதா? ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

எனக்கும் சுருக்கென்றது. "சரிம்மா. இனிமே உன் பொருள் எதையும் தொட மாட்டேன்" என்றேன்.

"தொடாதீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் எனக்குச் சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். என் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நானாவது ஏறிப்போய்ப் பேசியிருக்கலாம். அவளே வரட்டும் என்று இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. வேலை மேஜையிலேயே சாய்ந்துவிட்டாள் என்றார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கதவு இறுகவில்லை. என்னால் ஏற முடியவில்லை.

நீ கேட்ட பச்சை நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். நான் திறக்கவில்லை. அதில் என்னைப் பற்றி என்ன எழுதியிருப்பாள் என்று எனக்கே தெரியும். உனக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள். எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.

அத்தான்


ஜூலை 15

அன்புள்ள அத்தானுக்கு,

சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? இந்த முறை உண்மையான பதில் வேண்டும்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை உங்கள்மேல் கோபம். இரண்டாம் தடவை அவள்மேல். நான் மே மாதம் எழுதியதை நினைத்து என்மேலும். உங்களுக்கு அக்கறை கிடையாது என்று எழுதினேன். அந்த வரியை நீங்களே கிழித்துப் போட்டுவிடுங்கள்.

எதுவும் சொல்ல வேண்டாம் என்றீர்கள். நான் எப்போது உங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? நோட்டிலிருந்து கடைசி மூன்று நாளையும் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"செவ்வாய். துணிக்காரர் கேமராவைக் கழற்றித் துடைத்துவிட்டார். ஐந்து மாதம் போச்சு. கத்தினேன். இன்னும் கத்தியிருக்க வேண்டும்."

"புதன். கோணம் மாறிவிட்டது, இனி பழையதோடு சேராது. புதிதாக ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரம் எடுத்தேன். மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை."

"வியாழன். மூன்று மணி நேரம். வானம் சுத்தம். பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு புள்ளி இல்லை. பதினோரு வருஷத்தில் நான் ஒரு முறைகூட இப்படித் துடைத்ததில்லை, அசந்துவிட்டேன். இப்போதே சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம்."

அதற்குப் பிறகு பக்கங்கள் காலி.

அவள் உங்கள் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல் மேலே போகவில்லை, அத்தான். படம் எடுக்கப் போனாள். நீங்கள் துடைத்த கேமராவில்.

அந்த இரண்டு நாள் படங்கள் என்னிடம் இல்லை, ஹார்ட் டிஸ்க் அக்டோபரோடு சரி. நீங்கள் எடுத்து வைத்தீர்களே, அவளுடைய மெமரி கார்டு, அதில்தான் இருக்க வேண்டும். அவள் கடைசியாக மாட்டிய கோணத்திலேயே நீங்கள் ஏப்ரலில் வெள்ளைப் படம் எடுத்திருக்கிறீர்கள். அது பழைய படத்துக்குப் பொருந்தாமல் போனதில் வியப்பில்லை. இதற்குப் பொருந்தும். கார்டை அனுப்புங்கள்.

மைத்துனன்


ஜூலை 29

கார்டு கடை மேஜை டிராயரில் இருந்தது. கண்ணாடிக் கூட்டுக்குள் பஞ்சு வைத்து அனுப்புகிறேன். பதிவுத் தபால். தொலைத்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமையாம். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. இறங்கி வந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? பதினாலு படி. தலைமேல் ஏறி உட்கார்ந்தால்தான் என்ன, எத்தனை நாளைக்கு உட்கார்ந்திருப்பேன்? பதினாலு படி ஏறாத நான் இதைக் கேட்கிறேன், அது வேறு.


ஆகஸ்ட் 22

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கோபம் நலமா? எனக்கு அது பிடித்திருந்தது. "ம்"முக்கு அது எவ்வளவோ மேல்.

கார்டு பத்திரம், மூன்று இடத்தில் நகல் போட்டுவிட்டேன். அதில் நூறு படம், ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மாதப் படங்களுக்கும் இதற்கும் யானைக்கும் எலிக்கும் உள்ள வித்தியாசம். அதனால் படத்தில் மணல் மணலாகத் தெரியும். போர்வையின் ஓரம் இருட்டில் கரைந்துவிடும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

உங்கள் நாற்பது வெள்ளைப் படத்தையும் போட்டேன். மூலை இருட்டு அச்சாகப் பொருந்தி மறைந்தது. வளையமே இல்லை. நீக்குவதற்கு ஒரு வளையமாவது இருக்குமா என்று நானே தேடினேன் என்றால் பாருங்கள். அந்த மெல்லிய இழை, பழைய படத்தில் தூசி மறைத்திருந்ததே, அது ஒன்று அல்ல, அத்தான். இரண்டாகப் பிரிந்து திரும்பவும் சேர்கிறது. நான் பிரஷ்ஷால் அழித்திருந்தால் ஒன்றாகத்தான் இழுத்திருப்பேன்.

பழைய ஐந்து மாதத்தை அப்படியே வைத்திருக்கிறேன். அதில் கை வைக்க மாட்டேன்.

படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து, உருளையில் சுற்றி அனுப்புகிறேன். பிரிக்கும்போது விரல் படாமல் ஓரத்தைப் பிடியுங்கள். உங்களுக்கு இதைச் சொல்கிறேன் பாருங்கள்!

அடுத்த மாதம் ஒரு வாரம் லீவு கிடைக்கும். வரட்டுமா?

அன்புடன்,
மைத்துனன்


செப்டம்பர் 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன். இரண்டு வேளை சமைக்கிறேன், ஒரு வேளை வாயில் வைக்க முடிகிறது.

படம் வந்தது. அன்றைக்குப் பிரிக்கவில்லை. மறுநாளும் பிரிக்கவில்லை. மூன்றாம் நாள் கடையை அடைத்துவிட்டுக் கவுன்டரில் விரித்து நான்கு மூலையிலும் கண்ணாடிக் கூடுகளை வைத்தேன். நீ சொன்ன இழையைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். பிரிகிறது, சேர்கிறது. சரிதான்.

மணல் மணலாக இருக்கிறது என்று நீ வருத்தப்படுகிறாய். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வருகிற ஆட்கள் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்வதைக் கேட்டே பிழைக்கிறவன் நான்.

சட்டம் போட்டுக் கடையில் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். சட்டத்துக் கண்ணாடியைத் தினமும் துடைக்கிறேன். அதற்கு யாரிடமும் கேட்கப் போவதில்லை.

மாடிக்கு ஏறினேன். அறையைப் பெருக்கவில்லை, எதையும் நகர்த்தவில்லை. அவள் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். திட்டுகிற ஆள் இல்லாத இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது தெரியுமா?

நேற்று ஒரு பஸ் டிரைவர் கண் பரிசோதனைக்கு வந்தார். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி எழுத்தைப் படிக்கச் சொன்னால், அவர் பார்வை பக்கத்தில் போகிறது.

"இது என்னங்க, புகையா?"

"வானம்" என்றேன். "ரொம்ப தூரத்துல இருக்கற மேகம்."

"அடேயப்பா. யாரு எடுத்தது?"

"என் வீட்டுக்காரி."

அவர் எழுத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் லென்ஸை மாற்றினேன். அந்த மனுஷனுக்கு இது தேவையில்லைதான், ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"எடுத்தது அவ. துடைச்சது நான்."

லீவில் வா. கதவு திறந்திருக்கிறது.

உன் அத்தான்